பிரம்பைக் கீழே வைத்த பிறகு: புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பறை வழிகாட்டி

பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஏறக்குறைய எல்லாப் புதிய ஆசிரியர்களுக்கும் ஓர் அறிவுரை கிடைத்துவிடும். "ஆரம்பத்திலேயே ரெண்டு பேருக்கு நல்லா போட்டுடுங்க, அப்புறம் வருஷம் முழுக்கச் சத்தமே இருக்காது" என்று அனுபவமுள்ள ஒருவர் அக்கறையோடுதான் சொல்வார். அடிப்பது தவறு என்று பயிற்சிக் காலத்தில் படித்துவிட்டு வந்தவருக்கு அதை மறுக்கத் தோன்றும். ஆனால் நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்க, பாடம் பாதியில் நிற்க, அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் அந்த நிமிடத்தில், "அடிக்கக் கூடாது, சரி, வேறு என்னதான் செய்வது?" என்ற கேள்வி எழும்போது பயிற்சிக் குறிப்பேடு கைகொடுப்பதில்லை. அந்தக் கேள்விக்கு, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்வதற்காக இதை எழுதுகிறேன்.

அடி ஏன் பலிப்பதுபோல் தெரிகிறது

மாற்றைத் தேடுவதற்கு முன் அடி என்ன செய்கிறது என்பதை நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும். பிரம்பை ஓங்கியதும் வகுப்பு அடங்கிவிடுகிறது; இதை மறுத்துப் பயனில்லை. அந்த அமைதி நொடியில் கிடைத்துவிடுவதால் ஆசிரியரின் கை அதற்குப் பழகிப்போகிறது, அடுத்த முறை சத்தம் எழும்போது கை தானாகவே பிரம்பைத் தேடுகிறது. ஆனால் அந்த அடியால் பிள்ளை மாறியிருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஆண்டின் முதல் மாதத்தில் அடி வாங்கியவர்களின் பெயர்களையும் கடைசி மாதத்தில் அடி வாங்கியவர்களின் பெயர்களையும் அருகருகே எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அதே நான்கைந்து பெயர்களே இரண்டு பக்கமும் இருக்கும். "அடியாத மாடு படியாது" என்பது உண்மையானால் அந்த நான்கைந்து பேரும் ஆண்டின் நடுவிலேயே படிந்திருக்க வேண்டும்.

அவர்கள் கற்றுக்கொள்வது வேறு. எந்த ஆசிரியர் பார்க்கும்போது செய்யக் கூடாது என்பதையும், எப்படிச் சொன்னால் பழி அடுத்தவன்மேல் விழும் என்பதையும், வலுத்தவன் இளைத்தவனை அடிக்கலாம் என்பதையும் கற்றுக்கொள்கிறார்கள். கணக்குப் பாடவேளையில் அடி வாங்கிய பிள்ளைக்குக் கணக்கின்மேலேயே பயம் படிந்துவிடுகிறது. பெற்றோர் பிள்ளைகளை அடிப்பதைப் பற்றி அதுவரை வெளிவந்த 75 ஆய்வுகளை, அதாவது 1,60,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய தரவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வொன்று 2016-இல் வெளியானது. அடி அதிகமாக வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும் அதிகமாகவே காணப்படுகின்றன என்றும், நல்லொழுக்கத்துக்கும் அடிக்கும் எந்த நல்ல தொடர்பும் தென்படவில்லை என்றும் அது காட்டியது. அது வீட்டு அடியைப் பற்றியது என்றாலும், வகுப்பறையில் நாற்பது பேர் முன்னிலையில் விழும் அடி அதைவிட இதமாக இருக்கும் என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

இது புதிதாக முளைத்த கவலையும் இல்லை. போலந்து 1783-லேயே பள்ளிகளில் அடிப்பதை நிறுத்தியது. ஸ்வீடன் 1979-இல் வீட்டையும் சேர்த்து முழுமையாகத் தடை செய்த முதல் நாடாயிற்று. 1989-இல் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, பள்ளியின் ஒழுங்கு நடவடிக்கைகள் குழந்தையின் மாண்புக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டின் சட்டமும் பள்ளியின் விதிகளும் இதைப்பற்றி என்ன சொல்கின்றன என்பதைப் பணியில் சேரும் நாளிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

முதலில், மாற்று என்ற பெயரில் வரும் அடிகளை ஒதுக்குங்கள்

பிரம்பை விட்டுவிட்டோம் என்று சொல்லும் பள்ளிகளில் அதன் இடத்தில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்தால் மனம் கனக்கிறது. முட்டி போட வைப்பது, பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்துவது, கைகளைத் தூக்கியபடி நிற்க வைப்பது எல்லாம் உடலை நோகடிப்பவைதான். ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைகள் குழு 2006-இல் வெளியிட்ட விளக்கத்தில், எவ்வளவு இலேசாக இருந்தாலும் வலியையோ உடல் சிரமத்தையோ நோக்கமாகக் கொண்ட எந்தத் தண்டனையும் உடல் தண்டனையே என்று சொல்லி, சிரமமான நிலையில் நிறுத்தி வைப்பதையும் அதில் சேர்த்திருக்கிறது. அவமானப்படுத்துதல், மிரட்டுதல், கேலிக்கு ஆளாக்குதல் ஆகியவையும் ஏற்கத்தக்கவை அல்ல என்கிறது. "உன் அண்ணன் எப்படிப் படித்தான், நீயும் இருக்கிறாயே" என்ற வாக்கியம் பிரம்பைவிட நீண்ட நாள் தழும்பை விட்டுச்செல்லும்.

இம்போசிஷனும் நல்ல மாற்று ஆகாது. ஒரே வரியை நூறு முறை எழுத வைக்கும்போது, எந்த எழுத்தை அவன் விரும்ப வேண்டும் என்று பாடுபடுகிறோமோ அந்த எழுத்தையே தண்டனையாக்கிவிடுகிறோம். மதிப்பெண்ணைக் குறைப்பது, ஒருவன் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் தண்டிப்பது, விளையாட்டு வேளையைப் பறிப்பது ஆகியவற்றையும் இதே கணக்கில் சேருங்கள். வகுப்புத் தலைவனைக் கொண்டு பேசுபவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுத வைக்கும் பழக்கத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலருக்கு அது தவறாகவே தெரிவதில்லை. ஒரு பிள்ளையின் கையில் மற்றப் பிள்ளைகளின் தண்டனையைக் கொடுக்கிறோம். பெயரை எழுதாமல் இருக்க அவன் என்ன கேட்கிறான், எழுதியதற்காக வெளியே அவனுக்கு என்ன நடக்கிறது என்பது நம் காதுக்கு வருவதே இல்லை.

வேலையின் பெரும்பகுதி தவறுக்கு முன்பே இருக்கிறது

வகுப்பறை ஒழுங்கைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் மிகவும் பயன்பட்ட செய்தி ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வுதான். தன் வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவரை அவர் கண்டித்தபோது, கண்டிக்கப்படாத மற்றவர்களும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எந்த வகைக் கண்டிப்பு அதிகம் பலிக்கிறது என்று அறிய விரும்பிய அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார், வகுப்பறைகளை ஒளிப்பதிவு செய்து பார்த்தார். 1970-இல் அவர் வெளியிட்ட முடிவு அவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. ஒழுங்கான வகுப்பின் ஆசிரியரும் ஒழுங்கற்ற வகுப்பின் ஆசிரியரும் தவறு நடந்த பிறகு செய்தவற்றில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. தவறு நடப்பதற்கு முன் அவர்கள் வகுப்பை நடத்திய முறையில்தான் வேறுபாடு இருந்தது.

ஆகவே "அடிக்குப் பதில் எந்தத் தண்டனை?" என்று கேட்டுக்கொண்டு வருபவரிடம் நான் கேள்வியையே மாற்றிக் கேட்கச் சொல்வேன். இந்தத் தவறு ஏன் இந்த நிமிடத்தில் நடக்க முடிந்தது?

முதல் பத்து நாட்கள் இதற்கு உரியவை. பாடத்தைக் கற்றுத் தருவதுபோலவே நடைமுறைகளையும் கற்றுத் தர வேண்டும். வகுப்புக்குள் வந்ததும் பையை எங்கே வைப்பது, ஆசிரியர் வருவதற்குள் என்ன செய்துகொண்டிருப்பது, தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் எப்படிக் கேட்பது, வேலையை முன்னதாக முடித்தவர் அடுத்து எதை எடுப்பது என ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வழியை நீங்களே முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பிறகு அதைச் செய்து காட்டுங்கள், ஒரு வரிசையைச் செய்யச் சொல்லுங்கள், எல்லாரையும் செய்யச் சொல்லுங்கள். நீண்ட விடுமுறைக்குப் பின் மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக் கொடுங்கள்.

திருத்திய நோட்டுப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் மேசையில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, கூப்பிடப்பட்டவர் எழுந்து வர, வழியில் ஒருவன் காலை நீட்ட, இன்னொருவன் அடுத்தவனுடைய மதிப்பெண்ணை எட்டிப் பார்த்து உரக்கச் சொல்ல, நான்கைந்து நிமிடங்களில் வகுப்பு கைவிட்டுப் போய்விடுகிறது. அதே நோட்டுகளை வரிசை வாரியாக அடுக்கி வைத்து, ஒவ்வொரு வரிசையின் முதல் பிள்ளையிடமும் அந்த வரிசைக்கானவற்றைக் கொடுத்து, தனக்குரியதை எடுத்துக்கொண்டு மீதியைப் பின்னால் அனுப்பச் சொன்னால், யாரும் எழுந்திருக்கத் தேவையில்லாமல் ஒரு நிமிடத்தில் வேலை முடிகிறது. நீட்டுவதற்குக் கால் இருக்கிறது, ஆனால் தடுக்கி விழ ஆள் இல்லை. எந்தத் தண்டனையாலும் இதைச் சாதித்திருக்க முடியாது.

விதிகளைப் பொறுத்தவரை நான்கு அல்லது ஐந்து போதும். அவை செய்ய வேண்டியதைச் சொல்பவையாக இருக்கட்டும். "கத்தாதே" என்பதைவிட "ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்போம்" என்பது மேலானது, ஏனென்றால் முதலாவது எதை விடுவது என்று மட்டும் சொல்லி, அந்த இடத்தில் எதை வைப்பது என்று சொல்லாமல் விட்டுவிடுகிறது. விதிகளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து உருவாக்குங்கள். ஆசிரியருக்கும் ஒரு விதி வேண்டும் என்று அவர்கள் கேட்டால் எழுதிக்கொள்ளுங்கள். "டீச்சர் எங்களைக் கத்திக் கூப்பிடக் கூடாது" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

வகுப்பை அமைதிப்படுத்த ஓர் அடையாளம் வேண்டும். கையை உயர்த்துவதோ, மூன்று முறை கைதட்டுவதோ, ஐந்திலிருந்து ஒன்றுவரை எண்ணுவதோ, எது உங்களுக்கு இயல்பாக வருமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அடையாளத்தைக் காட்டிய பிறகு கடைசிப் பிள்ளை பேச்சை நிறுத்தும்வரை காத்திருங்கள். இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். முக்கால்வாசி வகுப்பு அடங்கியதும் மீதிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பாடத்தைத் தொடங்கிவிட்டால், அடையாளத்துக்குப் பொருள் இல்லை என்று அன்றே பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். அந்த முழு அமைதிக்காக முதல் வாரத்தில் நீங்கள் காத்திருக்கும் நேரம் வீணாவதில்லை.

பாடம் நடக்கும்போது கரும்பலகைக்கு அருகிலேயே நின்றுவிடாமல் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே நடத்துங்கள். கடைசி பெஞ்சுக்கு அருகில் நீங்கள் நிற்கும் ஐந்து நிமிடம் ஐம்பது அதட்டல்களுக்குச் சமம். கேள்வியை முதலில் கேட்டு, சற்று நிறுத்தி, பிறகு பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் விடுமுறை கிடைத்துவிடும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீள்வதோடு பதில் சொல்பவர்களின் எண்ணிக்கையும் கூடுகிறது என்றும் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் எடுத்துக்காட்டினார். கைக்கு வேலையும் மனதுக்குப் பிடிப்பும் இருக்கும் பிள்ளை குறும்பு செய்ய நேரம் தேடுவதில்லை.

சின்னத் தவறு நடந்துவிட்டால்

இவ்வளவு செய்தாலும் தவறுகள் நடக்கும். அப்போது கிடைப்பவற்றில் மிகச் சிறிய கருவியை முதலில் எடுக்க வேண்டும் என்பதே விதி. ஒரு பார்வை போதுமானால் சைகை வேண்டாம். சைகை போதுமானால் பெயர் வேண்டாம். பெயர் போதுமானால் கண்டிப்பு வேண்டாம்.

மூன்றாம் பெஞ்சில் ஒருவன் பாடத்தைக் கவனிக்காமல் அளவுகோலால் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தை நிறுத்தாமலே அவன் பக்கம் நடந்து செல்லுங்கள். பெரும்பாலும் தட்டுவது நின்றுவிடும், அப்படியே கடந்து போய்விடுங்கள். நிற்கவில்லையென்றால் மேசையின்மேல் விரலை வைத்து, அவன் நோட்டைச் சுட்டிக்காட்டுங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால் மற்றவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு, குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில், "அளவுகோலைப் பையில் வைத்துவிட்டு இரண்டாவது கணக்கைத் தொடங்கு, நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னதும் நகர்ந்துவிடுங்கள். இந்த நகர்தல்தான் எல்லாவற்றிலும் முக்கியம். நீங்கள் அங்கேயே நின்று முறைத்துக்கொண்டிருந்தால், நண்பர்கள் பார்க்க அவன் பணிய வேண்டியிருக்கும், பதின்மூன்று வயதில் அது எளிதல்ல. நீங்கள் முதுகைத் திருப்பினால் அவன் முகம் கெடாமல் அளவுகோலைப் பைக்குள் போடலாம். போடும்போது ஏதாவது முணுமுணுப்பான்; அது உங்கள் காதில் விழ வேண்டாம். கேட்டது அளவுகோல், அது பைக்குள் போய்விட்டது.

"ஏன்டா இப்படிப் பண்றே?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை, அவனுக்கும் தெரியாது; பதில் சொன்னால் எதிர்த்துப் பேசுகிறான் என்போம், சொல்லாவிட்டால் திமிர் என்போம். "இப்போது நீ என்ன செய்துகொண்டிருக்க வேண்டும்?" என்று கேட்டால் பதில் இருக்கிறது.

விளைவு தவறோடு ஒட்டியிருக்கட்டும்

சில தவறுகளுக்கு விளைவு இருந்தாக வேண்டும். அந்த விளைவு தவறோடு தொடர்புடையதாகவும், முன்கூட்டியே சொல்லப்பட்டதாகவும், அளவில் சிறியதாகவும், தவறாமல் நடப்பதாகவும் இருக்கட்டும். மேசையில் மையைக் கொட்டியவன் துணி எடுத்துத் துடைக்கிறான். நேரத்தை வீணாக்கி வேலையை முடிக்காதவள் வீட்டுக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து முடிக்கிறாள். அடுத்தவனின் நோட்டைக் கிழித்தவன், கிழிந்த பக்கத்தைப் புதிதாக எழுதிக் கொடுக்கிறான். இவற்றில் எதிலும் வலி இல்லை, ஆனால் ஒவ்வொன்றிலும் கெட்டுப்போனது சரியாகிறது. விளைவு கடுமையாக இருப்பதைவிட, இன்று நடந்து நாளை நடக்காமல் போகாது என்ற உறுதிதான் பிள்ளையின் நடத்தையை மாற்றுகிறது. திங்களன்று சிரித்துவிட்டுப் போன தவறுக்கு வியாழனன்று வெடிக்கும் ஆசிரியரிடம் பிள்ளைகள் விதியைப் படிப்பதில்லை, முகத்தைப் படிக்கிறார்கள்.

பாராட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். "குட்" என்ற ஒற்றைச் சொல் காற்றோடு போய்விடும். "சண்டை வரும்போல் இருந்தது, நீ தள்ளிப்போய் நின்றாய், பார்த்தேன்" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டினால் அது நிற்கும். பரிசுகளில் கொஞ்சம் கவனம் வேண்டும். 1973-இல் வெளியான ஓர் ஆய்வில், படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்கு வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொல்லி, வரைந்த பிறகு அதைக் கொடுத்தார்கள். பிறகு வந்த நாட்களில் அந்தப் பிள்ளைகளே மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். பிள்ளை தானாகவே ஆசையாகச் செய்வதற்கு நட்சத்திரம் ஒட்டத் தொடங்காதீர்கள்.

அதே பெயர் திரும்பத் திரும்ப வரும்போது

இந்தப் பகுதியில் நிதானமாக இருங்கள், ஏனென்றால் பிரம்பு அதிகம் இறங்குவது இங்கேதான்.

நான் பணிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு பையன் அடுத்து உட்கார்ந்திருப்பவனைக் குத்துவான், கிள்ளுவான், பென்சிலைப் பிடுங்கி எறிவான். நானும் எல்லாரையும் போல அவனை "வெளியே போய் நில்" என்று அனுப்பிவந்தேன். மூத்த ஆசிரியை ஒருவர் சொல்லித் தந்தபடி ஒரு சிறிய குறிப்பேட்டில் மூன்று கட்டங்கள் போட்டு, தவறுக்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பின் அவனுக்கு என்ன கிடைத்தது என்று இரண்டு வாரம் எழுதினேன். முதல் கட்டத்தை மேலிருந்து கீழே ஒரே மூச்சில் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் வகுப்பில் வாய்விட்டு வாசிக்கும் முறை நடந்துகொண்டிருந்தது; அது அவன் பெஞ்சுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் வந்திருந்தது. மூன்றாவது கட்டம் முழுவதும் என் கையெழுத்திலேயே, "வெளியே அனுப்பினேன்" என்றிருந்தது. அவனுக்குக் கூட்டெழுத்துகள் வாசிக்க வரவில்லை. எல்லார் முன்னிலையிலும் திக்கி நிற்பதற்குப் பதில், குத்திவிட்டு வெளியே போவதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான். தண்டனை என்று நான் நினைத்தது அவனுக்கு அடைக்கலமாக இருந்திருக்கிறது.

அதன்பின் அவன் வாசிக்க வேண்டிய நான்கு வரியை முதல் நாளே அவனிடம் கொடுத்துவிடுவேன், மாலையில் ஐந்து நிமிடம் என்னோடு வாசித்துப் பார்ப்பான். வாசிப்புக்குத் தனியாக உதவியும் ஏற்பாடு செய்தோம். குத்துவது ஒரே நாளில் நின்றுவிடவில்லை. சில வாரங்களில் அரிதாயிற்று.

பிள்ளைகளின் நடத்தைக்குப் பின்னால் பொதுவாக இருப்பவை சிலவே. பிறர் கவனம் வேண்டும், கடினமான ஒன்றிலிருந்து தப்ப வேண்டும், ஒரு பொருளோ இடமோ வேண்டும், அல்லது உடலுக்கு அந்தச் செயலே இதமாக இருக்கிறது. கவனத்துக்காகச் செய்பவனை எல்லார் முன்னிலையிலும் திட்டுவது அவன் கேட்டதைக் கொடுப்பதாகும். அவன் நன்றாக இருக்கும் நேரத்தில் தேடிப்போய்ப் பேச வேண்டும். குறிப்பேட்டை எழுதும்போதே கண், காது, தூக்கம், பசி ஆகியவற்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளை துன்புறுத்தப்படுகிறதோ என்ற சந்தேகம் எழுந்தால் நீங்களே துப்புத் துலக்க முயலாமல், பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே குறித்து, பள்ளியில் அதற்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே தெரிவியுங்கள்.

ஒருவர் இன்னொருவரை நோகடித்தால்

பிள்ளைகளுக்குள் நடக்கும் சண்டையில் தவறு செய்தவனைத் தண்டித்துவிட்டால், நோகடிக்கப்பட்டவளின் கதை அங்கேயே மறக்கப்பட்டுவிடுகிறது. இருவரும் அடங்கிய பிறகு, முதலில் தனித்தனியாக, பிறகு இருவரும் ஒப்புக்கொண்டால் சேர்த்து உட்கார வைத்து நான்கு கேள்விகள் கேளுங்கள். என்ன நடந்தது? அப்போது நீ என்ன நினைத்தாய்? இதனால் யாருக்கு என்ன பாதிப்பு? சரியாக்க என்ன செய்ய வேண்டும்? கடைசிக் கேள்விக்கான பதிலைப் பாதிக்கப்பட்டவரிடமிருந்து கேட்டு வாங்குங்கள். நீர் தெறித்து நனைந்த ஓவியத்துக்காக ஒரு பெண் "புதுத் தாள் கொடுத்து, நான் வரையும்போது பக்கத்தில் இருக்கணும்" என்று கேட்பதை எந்தத் தண்டனைப் பட்டியலிலும் காண முடியாது.

"சாரி சொல்லு" என்று வற்புறுத்தாதீர்கள். வாயால் மட்டும் வரும் மன்னிப்பால் நோகடிக்கப்பட்டவருக்கும் பயனில்லை, சொல்பவருக்கும் பயனில்லை. ஒரே பிள்ளையைப் பலர் தொடர்ந்து துன்புறுத்தும் இடத்தில் நேருக்கு நேர் உட்கார வைக்கும் இந்த முறையை அவசரப்பட்டுக் கையாள வேண்டாம். அங்கே முதல் வேலை பாதிக்கப்பட்ட பிள்ளையின் பாதுகாப்பு.

கைகலப்பு நடந்துகொண்டிருந்தால் பேச்சுவார்த்தைக்கு அது நேரமல்ல. சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கலையுங்கள், இருவரின் பெயரையும் சொல்லிக் குறுகிய கட்டளை இடுங்கள், இன்னொரு பெரியவரை அழைத்துவர ஒரு பிள்ளையை அனுப்புங்கள். ஆபத்தைத் தடுப்பதற்காக, தேவையான அளவுக்கு, தேவையான நேரம் மட்டும் பிள்ளையைப் பிடித்து விலக்குவது தண்டனை ஆகாது. விலக்கிய பிறகு ஒரு குலுக்கு குலுக்குவது தண்டனை.

உங்கள் கோபம்

இதைப்பற்றி யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. பிள்ளையின் மேல் கை ஓங்கும் நேரங்களில் பலவற்றுக்கு அந்தப் பிள்ளை காரணமே இல்லை. அன்று காலையில் நடந்த வேறொன்று காரணம். உங்கள் உடலில் கோபம் எப்படித் தொடங்குகிறது என்று கவனியுங்கள். சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்குக் குரல் மெலிதாகும். அந்த அடையாளம் தெரிந்ததும் சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியத்தை முன்பே மனப்பாடமாக வைத்திருங்கள்: "இதைப்பற்றி இப்போது பேச வேண்டாம், பாடவேளை முடிந்ததும் நீயும் நானும் பேசலாம்." சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பி, வகுப்புக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு உட்காருங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு ஓர் ஏற்பாடும் செய்துகொள்ளலாம். ஒரு சாக்பீஸ் கேட்டு ஒரு பிள்ளையை அனுப்பினால், அவர் வந்து இரண்டு நிமிடம் உங்கள் வகுப்பைப் பார்த்துக்கொள்வார் என்று.

கை நீண்டுவிட்டதென்றால் மறைக்காதீர்கள். தலைமை ஆசிரியரிடம் நீங்களே சொல்லுங்கள். பிள்ளையிடம், "நான் உன்னை அடித்தது தவறு, நீ செய்ததற்காக உன்னை அடிக்க எனக்கு உரிமை இல்லை" என்று சொல்லுங்கள். இதைச் சொன்னால் மரியாதை போய்விடும் என்று பயந்து நான் ஒருமுறை இரண்டு நாள் தள்ளிப்போட்டிருக்கிறேன். அந்த இரண்டு நாளும் அவள் என் மேசைப் பக்கம் வரவே இல்லை.

வீட்டுக்குச் செய்தி அனுப்பும் முன்

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லும் பெற்றோரை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். அவர்கள் சொல்ல வருவது, என் பிள்ளையை உங்களை நம்பி விட்டிருக்கிறேன் என்பதுதான். "அவனைக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறேன், அடிக்க மாட்டேன், இந்த வாரம் அவன் செய்த நல்லது ஒன்றை முதலில் சொல்கிறேன்" என்று தொடங்குங்கள். ஆண்டின் முதல் செய்தி புகாராக இல்லாமல் பார்த்துக்கொண்டால் பின்னால் புகார் சொல்ல வேண்டி வரும்போது கதவு திறந்திருக்கும்.

டைரியில் புகாரை எழுதி அனுப்புவதற்கு முன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நாம் பள்ளியில் கொடுக்காத அடியை அந்தக் குறிப்பு வீட்டில் வாங்கிக் கொடுக்குமானால், அடி இடம் மாறியிருக்கிறதே தவிர நிற்கவில்லை. அப்படித் தோன்றும் வீடுகளுக்கு எழுதாதீர்கள். நேரில் அழைத்துப் பேசுங்கள்.

முதல் சில வாரங்களில் என்ன எதிர்பார்க்கலாம்

இதைச் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றியவனாவேன். பிரம்புக்குப் பழகிய வகுப்பில் பிரம்பைக் கைவிட்டால் முதலில் சத்தம் கூடும். இத்தனை நாள் பயத்தால் அடங்கியிருந்தவர்கள், இந்த ஆசிரியர் உண்மையாகவே அடிக்க மாட்டாரா, எதுவரை போனால் அடிப்பார் என்று தொட்டுப் பார்ப்பார்கள். அந்த வாரங்களில்தான் சக ஆசிரியர்கள் "பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோம்" என்பார்கள், உங்களுக்கும் அப்படியே தோன்றும். அந்த நேரத்தில் ஒரே ஒருமுறை பிரம்பை எடுத்தாலும், போதுமான அளவு தொல்லை கொடுத்தால் பழைய ஆசிரியர் திரும்பி வருவார் என்பதை வகுப்பு கற்றுக்கொள்ளும். மறுபடியும் தொடக்கத்திலிருந்து வர வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க முயலாதீர்கள். முதல் வாரம் அமைதி அடையாளமும் நோட்டு விநியோகமும் போதும். அவை படிந்த பிறகு தாழ்ந்த குரலில் பேசுவதும் நகர்ந்துவிடுவதும். அதற்குப் பிறகு மூன்று கட்டக் குறிப்பேடு. ஆறு வாரம் கழித்து அந்தக் குறிப்பேட்டில் உள்ள பெயர்களை எண்ணுங்கள். பட்டியல் சுருங்கியிருக்கும், ஆனாலும் ஒன்றிரண்டு பெயர்கள் முன்போலவே திரும்பத் திரும்ப வந்திருக்கும். அந்த ஒன்றிரண்டு பேரைத் தனியாக எடுத்துக்கொண்டு, முதல் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே ஒரே மூச்சில் படியுங்கள்.